கேள்விதான் கோணல்

மீன்காரர் எங்கள் மிஸ்ஸுக்கு நாறின மீனை விற்றுவிட்டார். மிஸ்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அந்த நாற்றம்தான். ஆகவே அதிலேயே தொடங்குகிறேன்.

சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்த மீன்காரரை மருந்துச்சாலை வாசலில் மறித்து, “மீன் நல்லதோ?” என்று கேட்டார் மிஸ். “ஓம் மிஸ், இப்பதான் கரைக்கு வந்தது” என்றார் மீன்காரர். மிஸ் பொதியைக் கொண்டுவந்து எங்கள் அறையில் அவிழ்த்தபோது அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

“அந்த ஆள் பச்சைப் பொய் சொல்லிப்போட்டார், மிஸ்” என்றான் நசீர்.

மிஸ் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. மீனை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். “அவர் பொய் சொல்லேல்ல. நான் கேட்ட கேள்விதான் கோணல். விக்க வந்த ஆளிட்ட நல்லதோ எண்டு கேட்டா, அவர் வேற என்னத்தைச் சொல்லுறது?”

அடுத்த நாள் அதே மீன்காரரை அதே இடத்தில் மறித்தார். “இண்டைக்கு உங்கட வீட்டுக்கு எந்த மீனைக் கொண்டு போறியள்?” என்று கேட்டார். மீன்காரரின் கை பெட்டிப் பக்கம் போகவில்லை. ஹான்டிலில் தொங்கிய சின்னப் பைக்குத் தானாகவே போனது. அன்றைக்கு மிஸ்ஸின் வீட்டில் விளைமீன் குழம்பு. மீன்காரரின் வீட்டில் என்ன கறி என்று எனக்குத் தெரியாது.

மிஸ்ஸுடைய பெயரை எழுதப் போவதில்லை. அச்சில் தன் பெயரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. ஐம்பதைத் தாண்டிய பெண் டொக்டர். கலியாணம் கட்டாதவர். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார், அது முழங்கைவரை ஏறி இறங்கும். எல்லோரையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்லுவார். திருகோணமலையில் மான்கள் ஊர்மனைக்குள் மாடு மாதிரித் திரியும். அவற்றையும் அவர், “கொஞ்சம் விலத்துங்கோ” என்றுதான் விலக்குவார்.

அது பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். துறைமுகத்துக்குச் சொந்தமான மருந்துச்சாலை ஒன்றின் பின்பக்கத்தில், உடைந்த கதிரைகளும் பழைய எக்ஸ்ரே படங்களும் குவிந்து கிடந்த அறையை ஒதுக்கி, அவர் எங்கள் மூவரையும் பழக்கினார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள், அந்தக் குடி அவர்களுடைய ஈரலையும் நரம்பையும் என்ன செய்கிறது என்று ஆராய வேண்டும். அப்படி ஆராயத் தெரிந்த ஆட்கள் இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தால் அப்போதுதான் வெளியில் வந்த மூன்று பேரைப் பிடித்து அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த நசீர் இரசாயனம் படித்தவன். லிங்கநகர்ப் பத்மா தாவரவியல். நான் விலங்கியல். தவளையை வெட்டத் தெரியும், மனிதரோடு கதைக்கத் தெரியாது.

ஆறு மாதத்துக்குத்தான் வேலை. ஆறு மாதம் முடிய, மருந்துச்சாலைக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம், கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சியும் கிடைக்கும். வைக்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தக் கையெழுத்து மற்ற இருவரையும்விட எனக்குத்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. பாலையூற்றில் றீற்றா என்று ஒரு பெண். எனக்கு அவளிலும் அவளுக்கு என்னிலும் விருப்பம். அவளுடைய தகப்பன் மரியதாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கிப் பகுதி மேற்பார்வையாளர். எங்கள் வீட்டார் போய்க் கேட்டதற்கு, “பொடியன்ர வேலை நிரந்தரமாகட்டும், பிறகு கதைப்பம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் மாதம் முழுக்க மிஸ் எங்களைச் சாராயத்தின் பக்கமே விடவில்லை. “முதல்ல தேத்தண்ணியைக் கேட்டுப் பழகுங்கோ” என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, அதற்கு எத்தனை கரண்டி சீனி என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. படிவத்தோடு மூன்று பேர் வந்து சீனியைப் பற்றிக் கேட்டால் சனம் என்ன நினைக்கும்? ஊர் முழுக்க ஒரே பதில்: “சீனியோ? எங்கட வீட்டில சீனியே இல்லை, தம்பி.” ஒரு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். பாயாசம் தோற்றுப்போகும் இனிப்பு.

“ஊரே பொய், மிஸ்” என்றேன்.

“ஊர் முழுக்கப் பொய் சொல்லுமோ? எங்கட கேள்வி கோணல். நாங்கள் சீனியைக் கேக்கிறம். தேத்தண்ணியைக் கேளுங்கோ. ‘எனக்குப் போட்டது மாதிரித்தான் நீங்களும் குடிக்கிறனீங்களோ’ எண்டு கேளுங்கோ.”

கேட்டோம். “இல்லைத் தம்பி, எங்களுக்கு இன்னும் ஒரு கரண்டி கூடப் போடுவம்” என்று சொன்னார்கள். நான் படிவத்தில் எழுதுவதற்குக் கரண்டியையும் கொண்டுவந்து காட்டினார்கள்.

இரண்டாம் மாதம் பட்டியல் எடுத்தோம். துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிற எல்லோருடைய பெயரையும், பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல், துண்டுகளில் எழுதி பிஸ்கட் ரின் ஒன்றில் போட்டுக் குலுக்கி, பத்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். எடுபட்ட பெயர்களை நால்வரும் பங்கிட்டோம். மிஸ்ஸும் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கொரு சாராயப் போத்தல் தந்தார். கழுவி, லேபல் உரித்து, கொதித்தாறிய தண்ணீர் நிரப்பிய போத்தல். கூடவே ஓர் அளவுச் சாடி. ‘எவ்வளவு குடிக்கிறனீங்கள்’ என்று கேட்கவே கூடாது. “ஐயா, நேற்றைக்குக் குடிச்சதை இதில இருக்கிற தண்ணியால உங்கட பாத்திரத்தில ஊத்திக் காட்டுங்கோ” என்று கேட்கவேண்டும். அவர் ஊற்றுவதை நாங்கள் சாடியில் கவிழ்த்து அளக்கவேண்டும். அவர் ‘போதும்’ என்கிறவரைக்கும் இது நடக்கும். மனைவி பக்கத்தில் இருந்தால் கேட்கக் கூடாது. கூட்டாளி பக்கத்தில் இருந்தாலும் கேட்கக் கூடாது. மனைவிக்கு முன்னால் ஆண்கள் குறைத்து ஊற்றுவார்கள், கூட்டாளிக்கு முன்னால் சாடி வழிய ஊற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தி சொல்லவே கூடாது.

பத்மா ஒரு தரம் சொல்லிவிட்டாள். ஊற்றி முடித்த ஒரு மனிதரிடம், “ஐயோ அண்ணை, பிள்ளையளைப் பாத்தாவது விடுங்கோவன்” என்று கண் கலங்கியிருக்கிறாள். மனிதர் உடனே சாடியை வாங்கி முக்கால்வாசித் தண்ணீரைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றிவிட்டு, “இவ்வளவுதான் தங்கச்சி, முதல்ல கை தவறிப் போச்சு” என்றாராம். மிஸ் அந்தப் படிவத்தைக் கிழிக்கவில்லை. புத்தி சொன்னால் எவ்வளவு குறையும் என்பதற்குச் சாட்சி என்று சொல்லித் தனியாக எடுத்து வைத்தார்.

சாராயப் போத்தலும் கையுமாகக் குமர்ப்பிள்ளை ஒருத்தி லிங்கநகர்ச் சந்தியால் நடந்து போனால் என்ன கதை வரும் என்று சொல்லத் தேவையில்லை. பத்மாவின் தாய் மருந்துச்சாலைக்கே வந்துவிட்டார். மிஸ் அவருக்கு முன்னால் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துக் காட்டினார். தாய் அதைக் கண்டு இன்னும் கூடப் பயந்துபோய்த் திரும்பினார்.

துறைமுக வாசலில் எனக்கு நடந்ததும் குறைந்ததல்ல. வின்ச் ஓட்டுகிற ஒருவர் பனையோலைப் பிளாவில் தண்ணீரை ஊற்றினார். நான் சாடியை நீட்டுவதற்குள் பழக்கதோஷத்தில் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைக் கோணி, தலையை ஓர் உதறு உதறி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “கடிக்கப் பைற்ஸ் ஒண்டும் கொண்டுவரேல்லையோ?” என்று கேட்டார். அளப்பதற்கு ஒரு துளி இல்லை. மிஸ்ஸிடம் வந்து சொன்னேன். “அப்ப அவர் நல்லா ஒத்துழைச்சிருக்கிறார்” என்றார். மறுநாள் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுத் தந்தார்.

எல்லாவற்றையும் நம்புகிற இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் மூவரும் கன்னாபின்னாவென்று ஊகித்திருக்கிறோம். ஒரு நாள் அவரே சொன்னார், கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லுவதுபோல. அவர் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில், கை நடுங்கிக்கொண்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். “குடிக்கிறனீங்களோ?” என்று கேட்டிருக்கிறார் மிஸ். “இல்லை, டொக்டர்.” குடிப்பதில்லை என்று எழுதி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். வந்தவர் வலிப்பு வந்து மூன்றாம் நாள் செத்துப்போனார்.

“அவர் பொய் சொல்லேல்ல. எத்தினையோ வரிசமாக் குடிச்ச ஆள், மூண்டு நாளைக்கு முன்னம்தான் ஒரேயடியா விட்டவர். விட்டதாலதான் வலிப்பு வந்தது. நான் கேட்டதுக்கு அவர் சரியான பதில்தான் சொன்னவர். ‘கடைசியா எப்ப குடிச்சனீங்கள்’ எண்டு கேட்டிருந்தா எழும்பி நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்.”

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, “சரி, படிவங்களை எடுங்கோ” என்றார். எனக்கு அன்றைக்கு அவரில் ஒரு பயமும் ஒரு பாசமும் சேர்ந்தே வந்தன. இருந்தும் நான் செய்ததைச் செய்தேன்.

அதற்குக் காரணம் ஒரு மான். கோட்டைப் பக்கம் ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சோடா குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கரியரில் இருந்த படிவங்களை ஒரு கொம்பன் மான் ஆற அமர மென்றுகொண்டு நின்றது. ஆறு படிவங்கள் போய்விட்டன. இதை யார் நம்புவார்? பத்மா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நசீர், “மச்சான், வேற நல்ல பொய் ஒண்டு யோசி” என்றான். மிஸ் மட்டும் பேனாவை எடுத்தார். “எந்தப் பக்கத்தில இருந்து தின்னத் தொடங்கினவை?” என்று கேட்டார். “கீழ்ப்பக்கம், மிஸ்.” “அப்ப மேல இருந்த இலக்கங்கள் மிஞ்சியிருக்கும். துண்டுகளைப் பொறுக்கினனீங்களோ?” பொறுக்கியிருந்தேன். எச்சிலோடு வாங்கி வெயிலில் காயப்போட்டார்.

நடந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் மனதில் ஒரு கள்ளம் புகுந்துவிட்டது. மான் தின்றதென்றால் நம்புகிற மனுசி, எதைச் சொன்னாலும் நம்புவார்.

என்னுடைய பங்கில் நாற்பத்தோராவது பெயர் மரியதாஸ்.

மரியதாஸ் குடிப்பார். துறைமுகத்தில் அது தெரியாதது மரியதாஸின் தொப்பிக்கு மட்டும்தான். வாசலுக்கு எதிரில் இருந்த சாராயத் தவறணையில், மற்றவர்களை நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றதை நானே இரண்டு தரம் கண்டிருக்கிறேன். இனி நான் பாலையூற்றுக்குப் போய், பெண் கேட்ட வீட்டில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சாராயப் போத்தலை மேசையில் வைத்து, “ஐயா, நேற்றைக்குக் குடிச்சதை ஊத்திக் காட்டுங்கோ” என்று கேட்கவேண்டும். அவர் ஊற்றினால் அவருக்கு மானக்கேடு. ஊற்றாமல் கோபித்து எழும்பினால் எனக்குக் கலியாணம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் நட்டம்.

ஆகவே நான் போகவில்லை. மருந்துச்சாலைக் கிணற்றடியில் இருந்து, நாற்பத்தோராவது படிவத்தில் பெரிய வடிவான சைபர் ஒன்று போட்டேன். ‘மது அருந்துவதில்லை.’ மாமனாராக வரப்போகிறவருக்கு நான் செய்த முதல் மரியாதை என்று எண்ணி எனக்கே என்னில் ஒரு பெருமை வந்தது.

அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. மிஸ் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையால் எழும்பிவிட்டார்.

“சைபரோ? முப்பது வரிசம் துறைமுகத்தில! வெயிலிலயும் மழையிலயும் பாரந்தூக்கிற பகுதியில! அன்ரன், இந்த மனுசன் எங்களுக்குத் தங்கம்!”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளங்கப்படுத்தினார். குடிக்கிறவருடைய ஈரல் கெட்டிருக்கிறதா என்று சொல்லுவதற்கு, அதே வயதில், அதே வேலையில், அதே சாப்பாட்டில் குடிக்காமல் இருக்கிற ஒருவருடைய ஈரலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அப்படி ஒருவர் துறைமுகத்தில் கிடைக்காமல்தான் அவர் இவ்வளவு நாளும் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது கிடைத்துவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் நால்வரும் பாலையூற்றுக்குப் போய் அவருடைய ஈரலைப் பார்த்து, இரத்தமும் எடுப்பதென்று முடிவாகியது. மரியதாஸுக்குக் கடிதமும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை துறைமுக வாசலில் மரியதாஸ் என்னைக் கண்டார். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, என்ர பேரில என்னத்தை எழுதினனீர்?” என்று கேட்டார்.

“குடிக்கிறேல்லை எண்டு, ஐயா.”

“நல்லது” என்றார். சொன்ன குரலில் சத்து இல்லை. “வீட்டில பலகாரம் சுடுகினம். சுவாமியாரும் கேள்விப்பட்டிட்டார். மாதா கோயில் மதுவிலக்குச் சபைக்கு என்னைத் தலைவராப் போடப் போறாராம்.”

சனிக்கிழமை போனோம். மரியதாஸ் பூசைக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையோடு சாய்வுக்கதிரையில் இருந்தார். மனைவி தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். றீற்றா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எனக்கு வேர்த்தது.

“ஐயாவைப் போல ஆக்கள் அருமை” என்றார் மிஸ். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “இங்க பாருங்கோ. நல்ல ஈரல் விலாவுக்குக் கீழ கைக்குப் பிடிபடாது. பிடிபடாமல் இருக்கிறது எப்பிடியெண்டு இண்டைக்குப் பழகுவம்.”

முதலில் பத்மா. வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னாள். “மிஸ், என்னவோ பிடிபடுது” என்றாள்.

“அது உங்கட மற்றக் கையா இருக்கும். நசீர், நீங்கள் பாருங்கோ.”

நசீர் அமத்தினான். “எனக்கும் பிடிபடுது, மிஸ். நல்ல பெரிசு.”

மூன்றாவது நான். எனக்குப் பிடிபட்டது மாத்திரமல்ல, என் விரலை அது தள்ளியது. நான் மரியதாஸைப் பார்த்தேன். மரியதாஸ் முகட்டைப் பார்த்தார். “ஒண்டும் பிடிபடேல்ல, மிஸ்” என்றேன்.

மிஸ் தானே கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. விரல்களை மெதுவாகக் கீழே கீழே கொண்டுபோனார். பலகாரத் தட்டோடு நின்ற மனைவியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. மிஸ் கையை எடுத்து, மரியதாஸின் சட்டையைத் தானே இழுத்துவிட்டார். ‘பொய்’ என்று சொல்லவில்லை. மரியதாஸைப் பார்க்கவும் இல்லை.

“அன்ரன், நாற்பத்தோராவது படிவம். நீங்கள் என்ன சொல்லிக் கேட்டனீங்கள்? அதே சொல்லைச் சொல்லுங்கோ. கேள்வியில எங்கயோ பிழை.”

அந்த இடத்தில் ஒரு சொல்லைச் சோடித்துச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். தலையைக் குனிந்து, தன்னுடைய கொப்பியில் தன் கேள்வியைத் திருத்தியிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

“நான் கேக்கேல்ல, மிஸ்” என்றேன். “வரவே இல்லை. இருந்த இடத்தில இருந்து எழுதினனான்.”

மிஸ் பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். “ஐயா, அம்மாவையும் மகளையும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கச் சொல்லட்டோ?”

“நான் ஏன் வெளியில போக?” என்றார் மனைவி. “எனக்குத் தெரியாத விசயமோ?” தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், அலுமாரியின் மேல்தட்டில், பழைய தொப்பி ஒன்றுக்குள் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து கணவனுக்கு முன்னால் வைத்தார். அந்த இடம் தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாதென்று மரியதாஸ் நெடுநாளாக நம்பியிருந்தார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

“நேற்றைக்குக் குடிச்சதை ஊத்திக் காட்டுங்கோ, ஐயா” என்றார் மிஸ்.

மரியதாஸ் ஊற்றினார். நான் சாடியில் அளந்தேன். திரும்ப ஊற்றினார். “போதும்” என்றார்.

“வேலையால வரேக்க குடிச்சது?” என்றார் மனைவி.

இன்னொன்று ஊற்றினார்.

“படுக்கப் போகேக்க, பல்லுக்கொதி எண்டு குடிச்சது?”

“அது மருந்து.”

“ஊத்துங்கோ.”

முடிந்தபோது போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மிஸ் அதை வாசலில் நின்ற குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து படிவத்தைத் தன் கையால் நிரப்பினார். மரியதாஸுக்கு ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல இருந்திருக்க வேண்டும். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“குடிக்காதை, குடிக்காதை எண்டு சொல்லாத ஆள் இல்லை, மிஸ். எவ்வளவு குடிக்கிறனீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்.”

“ஈரல் வீங்கித்தான் கிடக்கு, இன்னும் கல்லாகேல்ல” என்றார் மிஸ். “திங்கட்கிழமை வந்து ஆஸ்பத்திரி வார்ட்டில படுங்கோ. நீங்களா ஒரேயடியா விடக் கூடாது. நாங்கள் பக்கத்தில இருந்து விடுவிக்கிறம்.”

வாசல் படலையடியில் றீற்றா என்னை மறித்தாள். “அப்பாவில உங்களுக்கு மரியாதை எண்டெல்லோ நான் நினைச்சன். உங்களுக்குப் பயம் மட்டும்தான். உங்கட கலியாணத்துக்காக அவற்ற உயிரை அந்தச் சைபருக்குள்ள போட்டு மூடப் பாத்தியள்” என்றாள். அவளுடைய கோபம் ஆறுவதற்கு முழுதாக ஒரு வருடம் எடுத்தது.

திங்கட்கிழமை காலையில் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அந்த வாரம்தான் ஆறு மாதமும் முடிகிறது. பெரிய டொக்டரின் மேசையில் எங்கள் மூவருடைய கடதாசிகளும் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தன. மிஸ் எங்கள் மூவரையும் வரிசையாக இருத்தினார். பட்டியலை நடுவில் வைத்தார்.

“ஆறு மாதமா உங்களுக்கு எல்லாம் பழக்கினன். ஒரு கேள்வியை நான் உங்களிட்டக் கேக்கவே இல்லை. முதல் நாளே கேட்டிருக்க வேணும். இதில, கேக்கப் போகவே உங்களுக்கு மனம் வராத ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

பத்மா விம்மத் தொடங்கினாள். கிளாக்கராக இருந்த அவளுடைய சித்தப்பா பட்டியலில் இருந்தார். அவளும் கேட்காமல் சைபர் போட்டிருந்தாள். என்னுடைய மானைப் பார்த்துச் சிரித்த நசீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நாலு விரலைக் காட்டினான்.

“நாலு பேரோ?”

“ஓம் மிஸ். எங்கட ஊர் ஆக்கள். பள்ளியில எனக்குப் பக்கத்தில நிண்டு தொழுகிறவை. குடிக்கிறேல்லைத்தான். ஆனா நான் போய்க் கேக்கேல்ல.”

எனக்கு வந்த நிம்மதியை மறைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மிஸ் கோபிக்கவில்லை. “பாத்தியளோ, சரியாக் கேட்டா எல்லாரும் சொல்லுகினம்” என்று சந்தோசமாகச் சொல்லி, அந்தக் கேள்வியைத் தன் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினார். பிறகு, மூவரும் எல்லாப் படிவங்களையும் முதலிலிருந்து திரும்பச் செய்யவேண்டும் என்றார். அந்தக் கிண்ணியாக்காரர் நால்வரும் கேட்டபோதும் சைபர்தான் என்று பின்னர் தெரியவந்து, மிஸ் அவர்களுடைய ஈரல்களைப் பார்க்கக் கேக் வாங்கிக்கொண்டு போனது வேறு கதை.

மரியதாஸ் வார்ட்டில் கிடந்து குடியை விட்டு, எங்கள் கலியாணத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியதும் பின்னர் நடந்ததுதான். அன்று காலையில் இதொன்றும் எனக்குத் தெரியாது. பிழை பிடிபட்டவனுக்கு வருகிற ஒரு துணிச்சல் மட்டும்தான் என்னிடம் இருந்தது.

“மிஸ்” என்றேன். “உங்கட பங்கில அப்பிடி ஆரும் இருக்கினமோ?”

பத்மா மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தாள். மிஸ் கைக்கடிகாரத்தை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றும் எழுதப்படாத வெறும் படிவம். மேலே இருந்த இலக்கத்தைப் பட்டியலில் தேடினோம். துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிற எல்லோரையும் அந்த ரின்னுக்குள் போட்டோம் அல்லவா? பெரிய டொக்டரும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்.

“உங்கட மூண்டு பேரின்ர கையெழுத்தும் அவற்ற கையில இருக்கு” என்றார் மிஸ். “அது முடியட்டும் எண்டு வைச்சிருந்தன். நான் பொய் எழுதேல்ல. ஒண்டும் எழுதாமல் விட்டிருக்கிறன்.” கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சைபர்தான்.”

எழும்பினார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, நிரப்பி வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலையும் அளவுச் சாடியையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நடைவழியால் போனார். பெரிய டொக்டரின் அறைக்கதவைத் தட்டுவது கேட்டது. கதவு திறந்து மூடியது.

நாங்கள் மூவரும் வெளியில் வந்து நின்றோம். என்னுடைய வேலை, என்னுடைய கலியாணம், நசீரின் கொழும்பு, வேலை நிரந்தரமாகும் என்று பத்மாவின் தாய்க்கு நாங்கள் சொல்லி வைத்திருந்த சமாதானம் எல்லாமே அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. உள்ளே யாரும் உரத்துப் பேசவில்லை. மேசையில் எதையோ இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. நசீர் வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றான்.

உள்ளே என்ன கதைத்தார்கள் என்று மிஸ் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. பெரிய டொக்டர் வெள்ளிக்கிழமை எங்கள் மூவருக்கும் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம் அவரும் லீவு போட்டுவிட்டு மரியதாஸ் கிடந்த வார்ட்டிலேயே போய்ப் படுத்தார்.

ஆனால் அன்று, அரைமணி நேரத்துக்குப் பிறகு, கதவு அரைவாசி திறந்தது. மிஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினார். கையில் போத்தல் வெறுமையாக இருந்தது.

“அன்ரன்” என்றார் மெதுவாக. “இன்னொரு போத்தல் தண்ணி கொண்டு வாங்கோ.”